லாரிப் போக்குவரத்தை அளக்கக் கைப்பேசித் தரவு: அளவீட்டின் தேவையும் ஓட்டுநரின் தனியுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவின் உள்நாட்டுச் சரக்கில் பெரும்பங்கு சாலை வழியாகவே செல்கின்றது. அச்சரக்கு எவ்வழியே சென்றது, எங்கே காத்துக் கிடந்தது, எத்தனை மணி நேரத்தில் சேர்ந்தது என்னும் வினாக்களுக்கு இன்றுள்ள ஆவணங்கள் ஓரளவே விடை தருகின்றன. ஓட்டுநர்களின் கைப்பேசிகள் தொலைத்தொடர்பு வலையமைப்பில் விட்டுச்செல்லும் இடத்தடயங்கள் இவ்விடைவெளியை நிரப்பக்கூடியவை. ஆனால் அத்தடயம் லாரிக்கு உரியதன்று. அதை ஓட்டும் மனிதருக்கு உரியது. பெயரையும் எண்ணையும் நீக்குவதால் மட்டும் அம்மனிதர் மறைந்துவிடுவதில்லை என்பதையும், லாரி ஓட்டுநர்கள் பிற பயணிகளைவிட எளிதில் அடையாளம் காணப்படக்கூடியவர்கள் என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. ஆள் அடையாளத்தின் வழியே தரவுகளை இணைக்காமல் தொகைகளின் வழியே இணைத்தல், குறைந்தபட்ச எண்ணிக்கை வரம்பு, கணக்கிட்டுச் சேர்க்கப்படும் பிழை, பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்ட எல்லை ஆகியவை ஒருங்கே அமையும்போதே அளவீடும் தனியுரிமையும் சேர்ந்து நிற்க இயலும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: சரக்குப் போக்குவரத்து, கைப்பேசித் தரவு, இடத்தடயம், தனியுரிமை, சம்மதம், தொகுப்புத் தரவு, வேறுபாட்டுத் தனியுரிமை.

முன்னுரை

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. அங்கிருந்து புறப்படும் ஓட்டுநர் ஒருவர் பல நாள்கள், சில வேளைகளில் பல வாரங்கள், வீட்டை விட்டு விலகி வட மாநிலங்கள் வரை சென்று திரும்புகிறார். அவருடைய சட்டைப்பையில் உள்ள கைப்பேசி அந்நெடும் பயணம் முழுவதும் வழியிலுள்ள கோபுரங்களோடு தொடர்பு கொண்டபடியே இருக்கிறது. இத்தொடர்புகளின் வரிசையே ஒரு பயண வரைபடமாகும்.

இவ்வரைபடத்தின்மீது இருவகைத் தேவைகள் எழுகின்றன. ஒன்று, சாலை அமைப்போர், துறைமுக நிருவாகத்தினர், நகரத் திட்டமிடுவோர் ஆகியோரின் தேவை. எந்தத் தடத்தில் எத்தனை லாரிகள் செல்கின்றன, எங்கே நெரிசல் மிகுகிறது, எங்கே ஓய்விடம் வேண்டும் என்பவை அவர்கள் அறிய விழைபவை. மற்றொன்று, சரக்கை அனுப்பியவரின் தேவை. தம் சரக்கு இப்போது எங்கே உள்ளது என்பதே அவர் அறிய விழைவது. முன்னதற்குத் தனி மனிதரைப் பற்றிய செய்தி வேண்டியதில்லை. பின்னதற்கு அது இன்றியமையாதது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே தனியுரிமைச் சிக்கல்கள் பலவும் தோன்றுகின்றன. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, கைப்பேசித் தரவின் தன்மை, அதன் இடர்கள், காப்பு முறைகள், சட்ட எல்லை ஆகியவற்றை இக்கட்டுரை முறையே விளக்குகிறது.

சரக்குப் போக்கை அறிய இன்றுள்ள வழிகள்

இந்தியாவில் சாலைச் சரக்கைப் பற்றிய தரவு பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றது. அவற்றுள் இரண்டு முதன்மையானவை.

முதலாவது, சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் கீழ் 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்திற்கு நடைமுறைக்கு வந்த இ-வே பில். பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கு இடம்பெயரும்போது இது தேவைப்படுகிறது. சரக்கின் வகை, மதிப்பு, புறப்படும் இடம், சேரும் இடம், வண்டியின் பதிவெண் ஆகியவை இதில் இடம்பெறும். ஆனால் இது ஓர் அறிவிப்பு ஆவணம். நடந்த பயணத்தின் பதிவன்று. வண்டி எந்த வழியில் சென்றது, எங்கே நின்றது என்பதை இது சொல்வதில்லை.

இரண்டாவது, சுங்கச்சாவடிகளில் பயன்படும் ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இது கட்டாயமாக்கப்பட்டது. வண்டியின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டப்பட்ட வில்லையை ரேடியோ அலை வழியாக வாசித்துக் கட்டணம் கழிக்கப்படுகிறது. வண்டியின் வகையும் கடந்த நேரமும் துல்லியமாகக் கிடைக்கின்றன. எனினும், சுங்கச்சாவடி இல்லாத மாநிலச் சாலைகளிலும் மாவட்டச் சாலைகளிலும் இத்தரவு இல்லை. இரு சாவடிகளுக்கு இடையே ஐந்து மணி நேரம் கழிந்தது என்றால், அந்நேரம் நெரிசலில் கழிந்ததா, ஓய்வில் கழிந்ததா, தொழிற்சாலை வாயிலில் காத்திருப்பில் கழிந்ததா என்பதை இதனால் அறிய இயலாது.

2022 செப்டம்பர் 17 அன்று வெளியிடப்பட்ட தேசிய தளவாடக் கொள்கையோடு அறிமுகமான ஒருங்கிணைந்த தளவாட இடைமுகத் தளம் இத்தகைய அரசுத் தரவுகள் பலவற்றை ஒரே இடத்திலிருந்து பெற வழி செய்கிறது. சிதறிய தரவுகளை இணைக்கும் போக்கு இவ்வாறு வலுப்பெற்றுவரும் சூழலிலேயே கைப்பேசித் தரவின் இடம் குறித்த வினா எழுகின்றது.

கைப்பேசி விட்டுச்செல்லும் தடயம்

கைப்பேசிக் கோபுரம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பரப்பைக் கொண்டுள்ளது. நெருக்கமான நகரப் பகுதியில் அது சில நூறு மீட்டர் அளவில் சுருங்கும்; திறந்தவெளி நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் வரை விரியும். ஒரு கைப்பேசி எந்தக் கோபுரத்தோடு தொடர்பிலுள்ளது என்பது தெரிந்தால், அதன் இருப்பிடமும் அந்த அளவுக்குத் தெரிந்துவிடும்.

இத்தொடர்பு இருவகைப் பதிவுகளாகிறது. அழைப்பு விவரப் பதிவு என்பது அழைப்பு, குறுஞ்செய்தி, இணையப் பயன்பாடு ஆகியவை நிகழும்போது கட்டணக் கணக்கிற்காக உண்டாவது. சமிக்ஞைப் பதிவு என்பது, கைப்பேசி பயன்பாட்டில் இல்லாதபோதும் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு நகர்கையில் வலையமைப்பு தானாகவே குறித்துக்கொள்வது. பேசாமல் வண்டி ஓட்டும் ஒருவரின் பயணம் முன்னதில் இடைவெளிகளோடும் பின்னதில் ஏறத்தாழத் தொடர்ச்சியாகவும் காணப்படும். இந்தியாவில் தொலைத்தொடர்பு உரிம விதிகளில் 2021 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அழைப்பு விவரப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எனவே புதிதாக எதையும் திரட்டாமலே பெருந்தரவு ஒன்று ஏற்கெனவே சேமிப்பில் உள்ளது.

கோடிக்கணக்கான கைப்பேசிகளுள் லாரியில் செல்பவை எவை என்பதை ஊகிக்கப் பயண இயல்புகளே துணைசெய்கின்றன. பேருந்து நகரும்போது பல கைப்பேசிகள் ஒருசேர நகர்கின்றன. லாரியில் ஒன்றோ இரண்டோ மட்டுமே நகர்கின்றன. காரைவிட லாரியின் வேகம் குறைவு. பல நகரங்களில் பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை உள்ளமையால், லாரிகள் நகர எல்லையில் நின்று இரவில் நுழைகின்றன. துறைமுகம், சிமெண்ட் ஆலை, சரக்குக் கிடங்கு ஆகியவை பயணத்தின் முனைகளாக அமைகின்றன. பல நாள்கள் தொடர்ந்து இரவுகளை வெவ்வேறு ஊர்களின் சாலையோரங்களில் கழிப்பதும் லாரி ஓட்டுநருக்கே உரிய இயல்பாகும்.

இம்முறைக்கு வரம்புகளும் உள. லாரியில் சரக்கு உள்ளதா, வெறுமையாகத் திரும்புகிறதா என்பது கைப்பேசிக்குத் தெரியாது. ஓட்டுநரும் உதவியாளரும் தனித்தனிக் கைப்பேசி வைத்திருந்தால் ஒரு லாரி இரண்டாக எண்ணப்படும். ஒரே கைப்பேசியில் இரு நிறுவனங்களின் சிம் அட்டைகள் இருந்தாலும் அதே பிழை நேரும். ஒரு நிறுவனத்தின் தரவு மட்டும் கிடைக்கும்போது, அதன் வாடிக்கையாளர் பங்கு மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுவதால், எண்ணிக்கையை நேரடியாகப் பெருக்கி மொத்தத்தைப் பெற இயலாது. சுங்கச்சாவடிகளில் எண்ணப்படும் லாரிகளின் மொத்தத்தோடு ஒப்பிட்டுத் தடத்திற்குத் தடம் விகிதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆக, மூன்று தரவுகளும் மூன்று வெவ்வேறு உண்மைகளை அறிந்துள்ளன. இ-வே பில் சரக்கை அறியும், வழியை அறியாது. ஃபாஸ்டேக் வண்டியை அறியும். சாவடிகளுக்கு இடையில் நிகழ்வதை அறியாது. கைப்பேசி வழியையும் காத்திருப்பையும் அறியும். அது அறிவது ஒரு மனிதருடைய வழியையும் காத்திருப்பையுமே. மூன்றையும் பதிவெண், கைப்பேசி எண் ஆகியவற்றின் வழியே இணைத்தால் ஒவ்வொரு பயணமும் முழுமையாகத் தெரியும்; ஓட்டுநர் முழுமையாகக் கண்காணிக்கப்படுவார். மூன்றையும் தடவாரியான தொகைகளின் வழியே மட்டும் இணைத்தால் தனிப் பயணம் தெரியாது. ஆனால் திட்டமிடுவோர் வினவும் பெரும்பான்மையான வினாக்களுக்கு விடை கிடைக்கும். இரண்டாவது வழியே இக்கட்டுரை முன்வைப்பது.

சிம் வழிக் கண்காணிப்பும் சம்மதமும்

தொகையாக அன்றித் தனி வண்டியாகவே அறிய வேண்டிய தேவையும் உண்டு என்பது முன்னர்க் குறிப்பிடப்பட்டது. வண்டியில் தனிக் கருவி பொருத்தாமலே அதை நிறைவு செய்யும் முறையாக இந்தியச் சரக்குத் தொழிலில் சிம் வழிக் கண்காணிப்பு பயன்படுகிறது. ஓட்டுநரின் எண் பயண விவரத்தோடு பதிவு செய்யப்படும். அவருக்குக் குறுஞ்செய்தியோ தானியங்கி அழைப்போ வரும். அவர் சம்மதித்தபின், அவருடைய கைப்பேசி தொடர்பிலுள்ள கோபுரத்தின் இடம் குறிப்பிட்ட இடைவெளிகளில் சரக்கு அனுப்பியவருக்குத் தெரிவிக்கப்படும். திறன்பேசியோ செயலியோ தேவையில்லை. சாதாரணப் பொத்தான் கைப்பேசியே போதும் என்பதே இம்முறை பரவியதற்கு முதன்மைக் காரணம்.

இங்குப் பெறப்படும் சம்மதத்தின் தன்மை ஆராயத்தக்கது. சம்மதம் மறுக்கும் ஓட்டுநருக்கு அந்த லோடு கிடைக்காமற் போகலாம். மறுத்தால் பிழைப்பு போகும் என்னும் நிலையில் பெறப்படும் இசைவை முழு விருப்பத்தோடு தரப்பட்டதாகக் கொள்ள இயலாது. மேலும், கண்காணிக்கப்படும் கருவி ஓட்டுநரின் சொந்தக் கைப்பேசி. சரக்கை இறக்கியபின் லாரி நின்றுவிடும். கைப்பேசியோ அவருடன் வீட்டிற்கும் மருத்துவமனைக்கும் வழிபாட்டிடத்திற்கும் தொழிற்சங்கக் கூட்டத்திற்கும் செல்லும். பயணம் முடிந்த கணத்தில் கண்காணிப்பும் முடியவில்லையெனில், சரக்கைப் பற்றிய அறிவு மனிதரைப் பற்றிய அறிவாக மாறிவிடுகிறது.

இடர் ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று. மதிப்புமிக்க சரக்கோடு இரவில் எங்கே வண்டி நிற்கிறது என்னும் செய்தி தகாதவர் கையில் சேர்ந்தால் திருட்டுக்கு வழிகாட்டியாகும். ஆகவே இடத்தரவைக் காப்பது சரக்கைக் காப்பதுமாகும்.

பெயர் நீக்கம் ஏன் போதாது

தொகுப்பு ஆய்விற்குக் கைப்பேசித் தரவை வழங்கும்போது, எண்ணை நீக்கிவிட்டு அதனிடத்தில் ஒரு குறியீட்டை இடுவது வழக்கமான முறை. இம்முறையின் போதாமையை மூன்று நிலைகளில் காணலாம்.

முதலாவது, குறியீட்டை உடைத்தல். எண்ணைக் கணித முறைப்படி மாற்றிப் பெறும் குறியீட்டிலிருந்து எண்ணைத் திரும்பப் பெற இயலாது என்று கருதப்படுவதுண்டு. ஆனால் இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்க எண்களாதலால், இயலக்கூடிய எண்கள் 400 கோடி மட்டுமே. மாற்றும் முறை தெரிந்த ஒருவர் அத்தனை எண்களுக்கும் குறியீட்டைக் கணித்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்கு எளிய செயல். 2014ஆம் ஆண்டு நியூயார்க் நகர டாக்சிகளின் 17 கோடிக்கும் மேற்பட்ட பயணப் பதிவுகள் வெளியானபோது இதுவே நிகழ்ந்தது. அவற்றில் உரிம எண்கள் குறியீடாக மாற்றப்பட்டிருந்தன. இயலக்கூடிய உரிம எண்கள் குறைவாக இருந்தமையால் குறியீடுகள் அனைத்தும் விரைவில் உடைக்கப்பட்டன. இரகசியத் திறவுகோல் ஒன்றைச் சேர்த்துக் குறியீட்டை உருவாக்குவதும், அத்திறவுகோலை அடிக்கடி மாற்றிப் பழையதை அழிப்பதும் இக்குறையைத் தவிர்க்கும்.

இரண்டாவது, தடயத்தின் தனித்தன்மை. குறியீட்டை உடைக்காமலே ஆளைக் காண இயலும் என்பதை 2013ஆம் ஆண்டு சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியான இவ்-அலெக்சாந்தர் த மோன்ஜோயும் பிறரும் எழுதிய ஆய்வு நிறுவியது. ஐரோப்பிய நாடு ஒன்றில் 15 இலட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசித் தரவு அதில் ஆராயப்பட்டது. ஒருவர் எந்த மணி நேரத்தில் எந்தக் கோபுரத்தின் அருகில் இருந்தார் என்னும் செய்தி நான்கு இருந்தாலே 95 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்பது அதன் முடிவு. நேரத்தையும் இடத்தையும் மங்கலாக்கினாலும் இத்தனித்தன்மை மிக மெதுவாகவே குறைகிறது என்பதும் அவ்வாய்வில் காட்டப்பட்டது.

மூன்றாவது, லாரி ஓட்டுநரின் சிறப்பு நிலை. நகரத்தில் அலுவலகம் செல்வோர் பல்லாயிரவர் ஒரே வழியில் ஒரே நேரத்தில் செல்கின்றனர்; அக்கூட்டமே அவர்களுக்கு ஓரளவு மறைப்பாகிறது. லாரி ஓட்டுநருக்கு அத்தகைய கூட்டம் இல்லை. ஒரு சிற்றூரிலிருந்து குறிப்பிட்ட ஆலைக்கு இரவு இரண்டு மணிக்குச் செல்பவர் ஒருவரோ இருவரோதான். மேலும், அவருடைய நான்கு புள்ளிகளை அறிந்துகொள்ள எவரும் முயல வேண்டியதில்லை. சுங்கச்சாவடிச் சீட்டு, ஆலை வாயிலின் பதிவேடு, எடைமேடைச் சீட்டு, பெட்ரோல் நிலைய ரசீது ஆகியவை ஏற்கெனவே வண்டி எண்ணோடும் நேரத்தோடும் உள்ளன. இவற்றுள் சிலவற்றைக் கையில் வைத்திருப்பவர், பெயர் நீக்கப்பட்ட கைப்பேசித் தரவில் அந்த ஓட்டுநரைக் கண்டறிந்து, அவருடைய எஞ்சிய வாழ்க்கை முழுவதையும் வாசித்துவிடலாம். ஆகவே, பெயர் நீக்கப்பட்டதாயினும் தனிமனிதத் தடயம் எதுவும் ஆய்வாளர் கைக்கு வருதல் ஏற்புடையதன்று.

காப்பு முறைகள்

1. தரவு நகராமை: தடயங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியிலேயே இருக்க வேண்டும். ஆய்வாளர் தம் கணக்கீட்டு முறையை அங்கு அனுப்பலாம். தொகைகள் மட்டுமே வெளியே வரும். எந்தக் கணக்கீடு இயக்கப்பட்டது என்பது பதிவு செய்யப்பட்டுத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். ஒருவரை ‘லாரி ஓட்டுநர்’ என வகைப்படுத்துவதே அவரைப் பற்றிய ஓர் ஊகமாதலால், அவ்வகைப்பாடும் கணக்கீடு முடிந்தவுடன் அழிக்கப்பட வேண்டும்.

2. பயணத்தைத் துண்டாக்கல்: ஓட்டுநரின் ஒரு மாதப் பயணத்தை ஒரே சங்கிலியாக வைக்காமல், தனித்தனிப் பயணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிற்கும் புதிய குறியீடு இடுவது. வீட்டருகே தொடங்கும் முனைகளும் முடியும் முனைகளும் வட்டம் அல்லது மாவட்டம் என்னும் அளவுக்கு விரிக்கப்பட வேண்டும்.

3. குறைந்தபட்ச வரம்பு: ஒரு தடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவான பயணங்களே இருந்தால் அத்தொகையை வெளியிடாமை. ஆயினும் இவ்வரம்பு மட்டும் முழுக் காப்பாகாது. ஒரே வாரத்திற்கான இரு அட்டவணைகள் சற்றே வேறுபட்ட எல்லைகளோடு வெளியாகி, ஒன்றில் 31 பயணங்களும் மற்றொன்றில் 30 பயணங்களும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் வரம்பைக் கடந்தவையே. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எஞ்சுவது ஒரே ஒரு பயணம். அது ஒரே ஒரு மனிதருடையது.

4. கணக்கிட்ட பிழை: கழித்தலால் நேரும் இவ்விடருக்கு விடையாக அமைவது வேறுபாட்டுத் தனியுரிமை எனப்படும் முறை. சிந்தியா டுவோர்க், ஃபிராங்க் மெக்ஷெரி, கோபி நிசிம், ஆடம் ஸ்மித் ஆகியோர் 2006ஆம் ஆண்டு இதற்குக் கணித வடிவம் தந்தனர். ஒருவருடைய தரவு தொகுப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளியாகும் விடையின் நிகழ்தகவு ஒரு வரம்புக்கு மேல் மாறக்கூடாது என்பதே அதன் சாரம். அவ்வரம்பை எப்சிலான் என்னும் அளவு குறிக்கும். எப்சிலான் சிறிதாயின் காப்பு மிகும். சேர்க்க வேண்டிய பிழையும் மிகும். அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிடுகையில் இம்முறை கையாளப்பட்டது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் காணலாம். வாராந்தர அட்டவணை ஒன்றில் ஓர் ஓட்டுநரின் பயணங்களுள் நான்கு மட்டுமே எண்ணப்படும் என வரையறுப்பதாகவும், எப்சிலானின் அளவு 1 எனவும் கொண்டால், லாப்லாஸ் பரவலின் அளவுகோல் 4 ஆகும். சேர்க்கப்படும் பிழையின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 5.7 ஆகும். வாரத்திற்கு 2,000 பயணங்கள் உள்ள தடத்தில் இப்பிழை அரை விழுக்காட்டிற்கும் குறைவு. திட்டமிடுதலை அது பாதிப்பதில்லை. வாரத்திற்கு ஆறு பயணங்களே உள்ள தடத்தில் பிழை தொகையையே விழுங்கிவிடும். இது முறையின் குறையன்று. அந்த ஆறு பேரைக் காப்பதே அதன் பணி.

எனினும் இரு எச்சரிக்கைகள் தேவை. நான்கு பயணங்கள் என்னும் வரையறை, நாளொன்றுக்குப் பல நடை செல்லும் கல்குவாரி லாரிகளைக் குறைத்துக் காட்டும். ஆகவே குறுந்தூரப் பயணங்களுக்குத் தனி அட்டவணையும் தனி வரையறையும் வேண்டும். மேலும், வெளியீடுகள் பெருகப் பெருகக் காப்பு தேயும். அதே ஓட்டுநர் ஆண்டு முழுவதும் தொகுப்பில் இடம்பெறுவாராயின், வாரம் ஒன்றுக்கு 1 என்னும் அளவு 52 வாரங்களில் 52 வரை கூடிவிடலாம். அந்நிலையில் அளிக்கப்படும் உறுதி பெயரளவினதே. எத்தனை முறை வெளியிடுவது என்பதும் தனியுரிமைக் கணக்கில் அடங்கும் என்பதை இது உணர்த்துகிறது.

5. வணிக மறைவு: ஒரு வட்டத்தில் ஒரே சிமெண்ட் ஆலை இருப்பின், அங்கிருந்து புறப்பட்ட 400 பயணங்கள் என்னும் தொகை எந்த ஓட்டுநரையும் காட்டிக்கொடுக்காது, ஆனால் அந்த ஆலையின் விற்பனையைப் போட்டியாளருக்குக் காட்டிக்கொடுக்கும். ஒரு தொகையில் ஒரே நிறுவனத்தின் பங்கு மிகுதியாயின் அத்தொகையை வெளியிடாமை புள்ளியியல் துறையில் நெடுங்காலமாக உள்ள மரபு. சரக்குத் தரவிலும் அம்மரபு பின்பற்றப்பட வேண்டும்.

சட்ட எல்லை

கணிதக் காப்பு தரவின் வடிவத்தைக் கட்டுப்படுத்தும். அத்தரவை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது சட்டமே. தனியுரிமை அடிப்படை உரிமை என இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையில் தலையிட வேண்டுமாயின் அதற்குச் சட்ட அடிப்படையும் நியாயமான நோக்கமும் அந்நோக்கத்திற்கு மிகாத அளவும் வேண்டும் என்பது அத்தீர்ப்பிலிருந்து பெறப்படும் அளவுகோலாகும்.

2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிம் வழிக் கண்காணிப்போடு நேரடித் தொடர்புடையது. சம்மதம் தடையற்றதாகவும் குறிப்பிட்ட நோக்கத்திற்கு உரியதாகவும் நிபந்தனையற்றதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்பதும், அந்நோக்கத்திற்குத் தேவையான தரவோடு அது நிற்க வேண்டும் என்பதும் அதன் விதி. சம்மதம் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ பெற வாய்ப்பளிக்க வேண்டும். சம்மதம் அளித்த அதே எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும். நாக்பூரில் லோடு ஏற்றும் நாமக்கல் ஓட்டுநருக்கு இவற்றின் பொருள் தெளிவானது: குறுஞ்செய்தி தமிழில் கிடைக்க வேண்டும், ஒரு குறுஞ்செய்தியால் தந்த சம்மதத்தை ஒரு குறுஞ்செய்தியால் நிறுத்தவும் முடிய வேண்டும், சரக்கு சேர்ந்தவுடன் கண்காணிப்பு தானே முடிய வேண்டும்.

வேலை தொடர்பான சில நோக்கங்களுக்குச் சம்மதமின்றியும் தரவைக் கையாள அச்சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் லாரித் தொழிலில் ஓட்டுநருக்கு வேலையளிப்பவர் பெரும்பாலும் ஒரு சிறு லாரி உரிமையாளர்; சில வேளைகளில் ஓட்டுநரே உரிமையாளர். சரக்கு அனுப்பும் நிறுவனத்திற்கும் அவருக்கும் வேலை உறவு இல்லாதபோது, அவ்விதிவிலக்கை அந்நிறுவனம் தனக்குரியதாகக் கொள்வது பொருந்தாது. புள்ளியியல் ஆய்வு நோக்கத்திற்கும் அச்சட்டத்தில் விலக்கு உண்டு. தனி மனிதர் ஒருவரைப் பற்றிய முடிவெடுக்க அத்தரவு பயன்படாதிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சட்டத்தின் இந்நிபந்தனையும், முன்னர் விளக்கிய தொகைகளின் வழியே இணைத்தல் என்னும் நெறியும் ஒரே திசையில் செல்கின்றன.

நோக்கத்தைச் சட்டத்தால் கட்டுவது நடைமுறையில் நிற்குமா என்னும் ஐயத்திற்கு ஜெர்மனி ஓர் எடுத்துக்காட்டு. அந்நாட்டில் 2005 ஜனவரி 1 முதல் 12 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள லாரிகளுக்குத் தொலைவுக்கேற்ற நெடுஞ்சாலைக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான லாரிகளில் செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. அவ்வாறு கிடைக்கும் தரவைக் கட்டணத்திற்கன்றி வேறு எதற்கும் பயன்படுத்தலாகாது என்பது சட்டம். 2008 முதல் 2013 வரை நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரி ஒன்றிலிருந்து பிற வண்டிகள்மீது பலமுறை துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. கட்டணத் தரவு விசாரணைக்குத் திறக்கப்படவில்லை. காவல் துறை குறிப்பிட்ட சாலைப் பகுதிகளில் பதிவெண் வாசிக்கும் கருவிகளைத் தனியே அமைத்து 2013இல் குற்றவாளியைக் கண்டறிந்தது. அம்முறையும் பல வண்டிகளின் எண்களைத் திரட்டியதால் விவாதத்திற்கு உள்ளானது. எனினும், கடும் அழுத்தத்திலும் நோக்க வரையறை தளரவில்லை என்பது இந்நிகழ்வு உணர்த்தும் பாடம். அதற்கு ஒரு விலை இருந்தது என்பதும் மறுக்க இயலாதது. தனியுரிமைக்கு விலையே இல்லை எனக் கூறுவதைவிட, விலையை அறிந்தே அதைத் தெரிவு செய்தல் நேர்மையானது.

ஓட்டுநருக்குப் பயன்படும் தரவு

காப்பு என்பது தரவைப் பயன்படுத்தாமை அன்று. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி எனப் பொதுவாக வரையறுத்தது. நெடுந்தூர லாரித் தொழிலில் வேலை எது, காத்திருப்பு எது என்பதே தெளிவற்றது. துறைமுக வாயிலிலும் ஆலை வாயிலிலும் லாரிகள் சராசரியாக எத்தனை மணி நேரம் நிற்கின்றன, இரவில் எந்தச் சாலைப் பகுதிகளில் ஓய்விடமின்றி ஓரத்தில் நிறுத்தப்படுகின்றன என்பவற்றைத் தொகுப்புத் தரவு காட்டக்கூடும். எந்த ஓட்டுநர் தாமதித்தார் என்று வினவும் தரவு அவருடைய கூலியைக் குறைக்கப் பயன்படும். எந்த வாயில் ஓட்டுநர்களைத் தாமதப்படுத்துகிறது என்று வினவும் தரவு அவருடைய உழைப்பிற்குச் சான்றாகும். இரண்டிற்கும் மூலத்தடயம் ஒன்றே, வினாவே வேறு.

முடிவுரை

1. சரக்குப் போக்கைத் திட்டமிடத் தேவைப்படுவது தடவாரியான தொகையே. தனி ஓட்டுநரின் தடயமன்று. தனி வண்டியை அறியும் வணிகத் தேவை இதனின்று வேறானது. இரண்டிற்கும் ஒரே தரவுத்தொகுப்பைப் பயன்படுத்துதல் கூடாது.

2. லாரி ஓட்டுநர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள். அவர்களுடைய பயணம் பல ஆவணங்களில் ஏற்கெனவே பதிவாகிறது. ஆகவே பெயர் நீக்கம் அவர்களைக் காப்பதில்லை.

3. இ-வே பில், ஃபாஸ்டேக், கைப்பேசி ஆகிய மூன்று தரவுகளையும் எண்களின் வழியே இணைக்காமல் தொகைகளின் வழியே இணைப்பதே காப்பும் பயனும் ஒருங்கே அமையும் வழி. அத்தொகைகளும் வரம்பு, கணக்கிட்ட பிழை, வெளியீட்டு எண்ணிக்கை ஆகியவற்றால் கட்டுப்படுத்தப்பட வேண்டும்.

4. சிம் வழிக் கண்காணிப்பு ஓட்டுநரின் மொழியில் விளக்கப்பட்டு, பயணத்தோடு தொடங்கிப் பயணத்தோடு முடிய வேண்டும்.

சாலையில் நகர்வது சரக்காயினும் கோபுரத்தில் பதிவாவது மனிதரே. இதை மனத்திற்கொண்டு அமையும் அளவீடே ஓட்டுநர்களின் நம்பிக்கையைப் பெறும். அந்நம்பிக்கை இல்லாதபோது கைப்பேசி அணைக்கப்படும், தரவும் பொய்க்கும். எனவே தனியுரிமை அளவீட்டிற்குத் தடையன்று. அதன் நம்பகத்தன்மைக்கு அடிப்படை.